நேரம்: மூன்று மரம்

கீரிப்பாறையில் பஸ் திரும்பிப் போனதும்
பை என் முதுகில், பதினோரு கிலோ.
முக்காலி ரோஸ்லெட்டின் தோளில்.
ரப்பர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
கேமராவை மட்டும் வெளியே எடுத்து
கையில் ஏந்திப் பார்த்தாள்.
"எனக்க ரெண்டாவது பயலுக்க கனம்லா இது,
பொறந்த அன்னைக்கு."
பெயர் கேட்டாள். மாமியா என்றேன்.
அவள் சிரித்ததில் புதருக்குள் எதுவோ எழும்பிப் பறந்தது.
"பின்ன கனக்காதா?"

மழை நாளில் பால்வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை.
எனக்கு வேண்டிய மேகம்
அவள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட மேகம்தான்.
அதை நான் சொல்லவில்லை,
அவளும் சொல்லவில்லை.
பேசிய தொகைக்கு மேல் நூறு ரூபாய் என்றேன்,
இருநூறு என்றாள்.

காளிகேசத்துக்கு மேலே ஆறு வளையும் இடம்.
இரண்டு பாறை, நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து,
சந்தில் இறங்கும் தண்ணீர்,
அதன்மேல் பாதி விழுந்து
மீதி விழ மனம் வராத ஒரு மரம்.
மாசியில் வந்தபோது வெயில்
பாறைக்கெல்லாம் அம்மை போட்டிருந்தது.
ஒரு படமும் எடுக்காமல் இறங்கிப் போனேன்.
இது ஆனி.

மேல்மூடியைத் திறந்து குனிந்தால்
சின்னக் கிணறு.
அதன் அடியில் ஆறு இடம் வலம் மாறி ஓடும்.
பத்து வருடமாகிறது,
இன்னும் என் கை முதலில் தப்பான பக்கமே போகிறது.
ரோஸ்லெட் எட்டிப் பார்த்தாள்.
"இதுல ஆறு கெழக்க போவுதே,
அப்போ எங்க வயலுக்கு வெள்ளம்?"

ஒளிமானியின் முள் எழும்ப யோசித்தது.
துவாரம் முப்பத்திரண்டு என்றால் பன்னிரண்டு நொடி;
இருட்டில் ஃபிலிமுக்குச் சோம்பல் அதிகம்,
அதையும் சேர்த்தால் நாற்பது.
கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்குள் ஆவி.
மொபைல் வழியிலேயே அணைந்துவிட்டது.
எண்ணுவதில் என்னை நம்ப முடியாது.
ஷட்டர் திறந்ததும் நெஞ்சு ஓடும்,
என் நாற்பது இருபத்தைந்தில் முடிந்துவிடும்.

"மரம் ஒண்ணுக்குப் பதிமூணு நொடி" என்றாள்.
சூப்பர்வைசர் ஒருநாள் பின்னாலேயே நடந்து
ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தானாம்.
"நடை தனி. அதுக்கு அவன் கணக்கு வைக்கல."
விடியுமுன்னே நெற்றி விளக்கோடு முந்நூறு மரம்.
நமக்கு மூன்று போதும்.

கேபிளை அழுத்தினேன்.
கத்தி இல்லாத கை உயர்ந்தது.
காற்றில் நின்ற மரத்திலிருந்து
ஒட்டுப்பாலை உரித்து எறிந்தாள்,
மேலிருந்து சரிவாக ஒரு இழுப்பு,
சிரட்டையை நிமிர்த்தி வைத்தாள்.
ஒன்று.
இரண்டாவது மரத்தின் பாதியில்
என் கணுக்காலில் அட்டை ஏறியது.
முக்காலி நிற்கும் மண் ஈரமண்,
கால் அசைந்தால் பாறை அசையும்.
குடிக்கட்டும் என்று விட்டேன்.
மூன்றாவதில் காற்று வந்தது.
பெரணி ஆடிற்று.
நில் என்று எதனிடம் சொல்ல?
"மூணு" என்றாள், சிரட்டையை நிமிர்த்தி.
மூடினேன்.

நாகர்கோவிலில், குளியலறை இருட்டில்,
நெகட்டிவில் ஆறு கன்னங்கரேல் என்று வந்தது.
ஆடிய பெரணி ஒரு கறை.
மரத்தின் பட்டையில் பாசிகூடத் தனித்தனியாக.
நோட்டில் எப்போதும்போல எழுதினேன்:
துவாரம் 32. நேரம்: மூன்று மரம்.

பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது
ஷீட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.
கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.
பாறைச் சந்தில் வெள்ளை வெள்ளையாய் இறங்குவதை
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இவ்வளவு பாலு.
ஒருத்தியும் சிரட்டை வைக்கல பாத்தியா."
பிறகு படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி
ஆறு மேக்க ஓடுகிறதா என்று
ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.